3,20,000 கிலோமீட்டர் ஓடிய இ-கிளாஸ்: வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா?

ஆன்லைன் மன்றத்தில் வந்த கேள்வி, ஜனவரி 11

2008 மாடல் மெர்சிடிஸ் இ-கிளாஸ், டபிள்யூ211 தலைமுறை, 280 சிடிஐ டீசல். ஓடோமீட்டர் 3,20,000-ஐத் தாண்டிவிட்டது. நான் இரண்டாவது ஓனர். இப்போது மூன்று பிரச்சினை. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஈரம். இரவு நிறுத்தினால் காலையில் முன் இடது மூலை மட்டும் படுத்துக் கிடக்கிறது. இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும்போது அவ்வப்போது ஓர் உதறல். மூன்றுக்கும் சேர்த்து வொர்க்‌ஷாப்பில் கொடுத்த எஸ்டிமேட், இன்று இப்படியே விற்றால் கிடைக்கும் பணத்தில் பாதிக்கு மேல் வருகிறது. "ரிப்பேர் செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்காமல் தள்ளிவிடு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வண்டி மேல் இன்னும் ஆசை போகவில்லை. என்ன செய்யலாம்?

என் பதில், ஜனவரி 11, இரவு

அந்தப் பாதிக் கணக்கை முதலில் தூக்கிப் போடுங்கள். புது வண்டிக்கு அது ஓரளவு பொருந்தும். மூன்று லட்சம் ஓடிய சொகுசு காரின் சந்தை விலை ஏற்கெனவே தரையைத் தொட்டுவிட்டது. நாலு டயர் மாற்றினாலே அந்த விலையில் கணிசமான பங்கு போய்விடும். அப்படிப் பார்த்தால் வண்டிக்கு வயதாக ஆக, இன்னும் சின்னச் சின்னக் கோளாறுக்கெல்லாம் அதைத் தலைமுழுக வேண்டியிருக்கும். டயர் தேய்ந்தது என்று காரை விற்பவர் யாராவது உண்டா?

வண்டியின் விலை என்பது இன்னொருவர் உங்களுக்குத் தரும் பணம். உங்களுக்குத் தெரிய வேண்டியதோ, அடுத்த இரண்டு வருடம் இதிலேயே ஓடினால் எவ்வளவு கரையும், வேறொன்றில் ஓடினால் எவ்வளவு கரையும் என்பது. என்னிடம் இருப்பதும் இதே எஞ்சின்தான், 2007 மாடல், உங்களுடையதைவிட அதிகம் ஓடியது. நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜனவரி 12

மூன்று கோளாறையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். எஸ்டிமேட் ஒரே தாளில் வருவதால் மொத்தத் தொகை பயமுறுத்துகிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு சாதி.

முதலில் ஆயில். உங்கள் வண்டியில் இருப்பது ஓஎம்642, 3 லிட்டர் வி6 டீசல். இதில் ஆயில் கூலர் எஞ்சினின் வி வடிவப் பள்ளத்துக்குள், டர்போவுக்குக் கீழே, அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. கூலருக்கு அடியில் இருக்கும் சின்ன ரப்பர் சீல்கள் சூட்டில் இறுகிக் கசியும். கசிந்த ஆயில் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கமாக வழிந்து, சரியாக எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். அதைப் பார்த்ததும் பல மெக்கானிக்குகள் கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார்கள். இறக்கி, சீலை மாற்றி, திரும்ப ஏற்றினால் அடுத்த வாரம் அதே இடத்தில் அதே ஈரம்.

உங்கள் எஸ்டிமேட்டில் எந்த சீல் என்று எழுதியிருக்கிறது? அதைப் பாருங்கள். டார்ச் அடித்து மேலிருந்து பள்ளத்துக்குள் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே குளம் கட்டியிருந்தால் கூலர் சீல்தான்.

ஜனவரி 12, சற்றுப் பிறகு

சீல் விலை ஒன்றுமே இல்லை. பணமெல்லாம் கைவேலைக்கு. டர்போ, இன்டேக் மேனிஃபோல்டு எல்லாம் கழற்றினால்தான் கூலரையே தொட முடியும். அதனால் திறந்த கையோடு மற்றதையும் முடித்துவிட வேண்டும். டர்போவுக்குக் காற்று போகும் குழாயின் சீல் கட்டாயம். அது கசிந்துதான் கீழே இருக்கும் ஸ்வர்ல் ஃபிளாப் மோட்டார் (உள்ளே போகும் காற்றைச் சுழற்றும் தகடுகளை அசைப்பது) மேல் ஆயில் சொட்டி அதைக் கொல்கிறது. குளிர்ந்த டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் குளோ பிளக்குகளைத் தொடுவதானால் எஞ்சின் சூடாக இருக்கும்போது, நிதானமாக. உள்ளேயே முறிந்தால் அது தனி வேலை, தனிச் செலவு.

இன்னொன்று, ஆரம்பத்தில் வந்த சீல்கள் ஆரஞ்சு நிறம். பிறகு வந்தவை ஊதா நிறத்தில், சூடு தாங்கும் வைட்டான் ரப்பரில் செய்தவை. மாட்டுவதற்கு முன்னால் நிறத்தைப் பாருங்கள். எனக்கு வேலை செய்தவர் பழைய சீலை எடுத்துக் காட்டினார். நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. "இதுக்காகவா சார் இவ்வளவும் கழட்டினோம்" என்று அவரே சிரித்தார். பில்லைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 13

"மாற்றாமல் ஆயில் ஊற்றி ஊற்றியே ஓட்டலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஓட்டலாம். நானே நெடுநாள் அப்படித்தான் ஓட்டினேன். அளவு குறைகிற வேகம் சீராக இருக்கும்வரை எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மெர்சிடிஸ் சொல்லும் 229.51 தர ஆயில்தான், கண்டதை ஊற்றக் கூடாது. டிபிஎஃப், அதாவது டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிற வண்டி, சாம்பல் அதிகம் விடும் ஆயில் அதை அடைத்துவிடும். அப்புறம், இது ஒரு கசிவைத் தள்ளிப்போடுவதுதான். விற்கப் போகிறீர்கள் என்றால் தள்ளிப்போடுங்கள். வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இன்றே செய்வதும் அடுத்த வருடம் செய்வதும் ஒரே செலவு.

ஜனவரி 15

காற்று சஸ்பென்ஷன். காலையில் ஒரு மூலை மட்டும் படுத்திருந்தால் அந்த மூலையின் ஏர் ஸ்பிரிங்கில் நுண்ணிய வெடிப்பு. ரப்பர் பை மடியும் இடத்தில் வரும். சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழ் காட்டிக்கொடுக்கும்.

இதில் அவசரம் உண்டு. ஆயில் கசிவு காத்திருக்கும், காற்றுக் கசிவு காத்திருக்காது. பை கசியக் கசிய கம்ப்ரஷர் ஓயாமல் ஓடும். ஓயாமல் ஓட அது செய்யப்படவில்லை, வெந்து போகும். ஒரு பையோடு முடிய வேண்டியது பை, கம்ப்ரஷர், ரிலே என்று மூன்றாகும். கம்ப்ரஷர் மாற்றினால் ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ரிலே ஒட்டிக்கொண்டு புதுக் கம்ப்ரஷரையும் எரித்த கதை நிறைய.

சுருள் ஸ்பிரிங்காக மாற்றிவிடலாமே என்று இரண்டு பேர். மாற்ற கிட் கிடைக்கிறது. நான் செய்ய மாட்டேன். டேம்பர் (ஷாக் அப்சார்பர்) கட்டுப்பாடு, எச்சரிக்கை விளக்கு, வண்டி நிற்கும் உயரம் எல்லாவற்றையும் ஏமாற்ற வேண்டும். அந்த மிதப்புக்காகத்தானே இதை வாங்கினோம்? அது வேண்டாமென்றால் வேறு வண்டியே வாங்கலாம்.

ஜனவரி 16

கியர் உதறல்தான் உண்மையில் கேள்வி. மற்ற இரண்டும் செலவு, இது சந்தேகம். ஆயில் கழித்துப் பார்க்கும் கட்டத்திலேயே முடியலாம், எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வரை போகலாம், கண்டக்டர் பிளேட் என்கிற மின்சுற்றுத் தட்டில் போய் நிற்கலாம், கியர் ஆயிலை வழிநடத்தும் வால்வ் பாடியாகவும் இருக்கலாம்.

7ஜி-ட்ரானிக் என்ற இந்த ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியில் அந்தத் தட்டின் வேக சென்சார் போவது பிரபலமான நோய். அப்போது உதறலோடு நிற்காது, வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு ஊர்ந்துதான் வீடு சேரும். புதுத் தட்டு போட்டால் அதை அந்த வண்டிக்கே கோடிங் செய்ய வேண்டும், கடையில் வாங்கிச் சொருகினால் ஓடாது.

ஆனால் எச்சரிக்கை விளக்கு எரிவதாக நீங்கள் சொல்லவில்லை, அவ்வப்போது உதறல் மட்டும். கியர் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். முந்தைய ஐந்து கியர் பெட்டிக்கு அப்படிச் சொன்ன மெர்சிடிஸே பின்னால் மாற்றும் இடைவெளியைக் கொடுத்தது.

ஃபில்டரோடு ஆயில் மாற்றுங்கள், 236.14 தரம். அளவு பார்ப்பது முக்கியம். டிப்ஸ்டிக் கிடையாது, ஆயில் 45 டிகிரி வரும்போது வழிந்து வெளியேறும் மட்டம்தான் சரியான மட்டம். ஸ்கேனரில் வெப்பநிலை பார்க்காமல் "கைக்குத் தெரியும் சார்" என்பவரிடம் கொடுக்க வேண்டாம். இதைச் செய்து உதறல் குறைகிறதா பார்த்துவிட்டு மற்ற இரண்டுக்கும் பணம் கட்டுங்கள். வரிசை முக்கியம். கியர்பாக்ஸே போகிறது என்றால் கூலர் சீலுக்குக் கொடுக்கும் கூலி வீண்.

ஜனவரி 17

"211 பிரேக் எண்ணி எண்ணி ஒரு நாள் நின்றுவிடுமாமே, ஓடிவிடுங்கள்" என்று ஒருவர். அது எஸ்பிசி என்ற மின்னணுக் கட்டுப்பாட்டு பிரேக். பம்ப் எத்தனை முறை வேலை செய்தது என்று எண்ணிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் எச்சரிக்கை காட்டும். 2004-லும் 2005-லும் பெரிய ரீகால்களும் நடந்தன. ஆனால் 2006-இல் வண்டிக்கு முகமாற்றம் வந்தபோது அதை எடுத்துவிட்டு வழக்கமான ஹைட்ராலிக் பிரேக்குக்குத் திரும்பினார்கள். கேட்டவருடையது 2008. அந்தக் கவலை வேண்டாம். 2003, 2004 மாடல் வைத்திருப்பவர்கள் கவலைப்படுங்கள்.

ஜனவரி 20

சரி, கணக்கு. ஊருக்கு ஊர் விலை மாறும், அதனால் பணத்தை விட்டுவிட்டு எண்ணாக வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டியை இன்று இப்படியே விற்றால் 10. ரிப்பேர் 6.

வைத்துக்கொண்டால்: விற்காமல் விட்ட 10, ரிப்பேர் 6, இரண்டு வருடப் பராமரிப்பு 5, மொத்தம் 21. இரண்டு வருடம் கழித்து ஓடும் நிலையில் விற்றால் 7 வரும். கரைந்தது 14.

ஐந்து வயதான, இதே தரத்து வண்டி வாங்கினால்: விலை 60. இரண்டு வருடம் கழித்து 42. அதிலேயே 18 போயிற்று. பராமரிப்பு 5. மொத்தம் 23. இன்சூரன்சும் வரியும் விலைக்கேற்ப ஏறுவதை நான் சேர்க்கவில்லை. கடன் வாங்கினால் வட்டி தனி.

நடுவில் ஒரு வழியை எல்லோரும் பிடிப்பார்கள்: "இன்னும் கொஞ்சம் புதுசா, 25-க்கு ஒண்ணு இருக்கு." இரண்டு வருடத்தில் 25 என்பது 17 ஆகும், 8 போச்சு. பராமரிப்பு 5. இத்துடன் முந்தைய ஓனர் செய்யாமல் விட்ட வேலைகள், குறைந்தது 5. ஆக 18.

இந்தக் கடைசி 5 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பழைய சொகுசு காரை ஒருவர் ஏன் விற்கிறார்? பெரும்பாலும், நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் எஸ்டிமேட் மாதிரி ஒன்று அவர் கையிலும் இருக்கிறது. நீங்கள் உங்கள் எஸ்டிமேட்டிலிருந்து தப்பி அவருடைய எஸ்டிமேட்டை விலை கொடுத்து வாங்குகிறீர்கள். ஒரே வித்தியாசம், உங்களுடையதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

ஜனவரி 20, இரவு

வீட்டில் இந்தக் கணக்கைக் காட்டினேன். "பத்து, ஆறு, அஞ்சுன்னு எழுதினா போன வருஷ பில் குறைஞ்சிடுமா?" என்று கேட்டார்கள். பதில் இல்லை.

ஜனவரி 22

யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்த யானைகளுக்கு அது பொருந்தாது. உயிரோடு இருக்கும்போது தீனிச் செலவு யானை அளவு, செத்தால் எடைக்குத்தான் போகும். ஓடாத எஸ்-கிளாஸை விற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், விற்பதானால் ஓடும்போதே விற்க வேண்டும். கியர்பாக்ஸ் உட்கார்ந்த பிறகு விற்கலாமா என்று யோசிப்பதில் அர்த்தமில்லை.

ஜனவரி 27

3,20,000 என்ற எண்ணைப் பார்த்தே பாதிப் பேர் முடிவு சொல்கிறார்கள். எண் மட்டும் போதாது. நெடுஞ்சாலையில் சராசரி 60 வேகத்தில் 3,00,000 கிலோமீட்டர் ஓடிய எஞ்சின் 5,000 மணி நேரம் உழைத்திருக்கிறது. நகர நெரிசலில் சராசரி 20 வேகத்தில் வெறும் 1,00,000 ஓடிய எஞ்சினும் அதே 5,000 மணி நேரம் உழைத்திருக்கிறது. கூடவே அது பல மடங்கு அதிகம் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகியிருக்கும், கியர் பல மடங்கு மாறியிருக்கும், பிரேக், கதவுக் கீல், சீட், ஸ்டியரிங் எல்லாம் அதிகம் தேய்ந்திருக்கும். குறைந்த ஓட்டம் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவது சில சமயம் இதைத்தான்.

ரப்பர், பிளாஸ்டிக், பிரேக் ஆயில் இவை கிலோமீட்டர் பார்ப்பதில்லை, வருடம் பார்க்கின்றன. கராஜில் சும்மா நின்ற காரின் ஏர் ஸ்பிரிங்கும் வெடிக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும்.

கேட்டவரே, உங்கள் வண்டி எப்படி ஓடியது? அதைச் சொல்லாமல் யாரும் உங்களுக்கு ஒன்றும் சொல்ல முடியாது, நான் உட்பட.

பிப்ரவரி 3

பேச்சு சாதனை வண்டிகளுக்குப் போய்விட்டது. போகட்டும், நல்ல கதைகள்தான். கிரேக்க டாக்சிக்காரர் ஒருவரின் 1976 மெர்சிடிஸ் 240டி, 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி 2004-இல் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற பள்ளி ஆசிரியரின் 1966 வோல்வோ பி1800எஸ், 2013-இல் 30 லட்சம் மைலைத் தொட்டது. மேட் ஃபாரா என்ற மோட்டார் பத்திரிகையாளர் 9 லட்சம் மைலுக்குச் சற்றுக் குறைவாக ஓடிய 1996 லெக்சஸ் எல்எஸ்400 ஒன்றை வாங்கி, நண்பர்களிடம் கொடுத்து ஓட்டவைத்து 10 லட்சம் மைல் ஆக்கினார்.

ஆனால் இவற்றைக் காட்டி "நல்லா பார்த்துக்கிட்டா எதுவும் ஓடும்" என்று முடிப்பதை நான் ஏற்கவில்லை. அந்த டாக்சியில் எஞ்சினே பலமுறை மாற்றப்பட்டது. கார்டனின் வண்டியில் கணினி கிடையாது, காற்றுப் பை சஸ்பென்ஷன் கிடையாது. எல்எஸ்400-இல் கணினி உண்டு, ஆனாலும் நம் 211-இல் கதவு, சீட், விளக்கு எல்லாவற்றுக்கும் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் கூட்டம் அதில் இல்லை. எஞ்சின் பத்து லட்சம் ஓடும், சரி. டிக்கியில் தண்ணீர் புகுந்து ஒரு சின்னப் பெட்டி நனைந்தால் என்ன செய்வீர்கள்? நம் வண்டிகளைக் கொல்வது எஞ்சின் அல்ல.

பிப்ரவரி 9

கேட்டவர் திரும்ப வந்துவிட்டார். தினமும் நெடுஞ்சாலையில் அலுவலகம் போய் வந்த வண்டியாம், முதல் ஓனரும் அப்படியே. சர்வீஸ் பில் முழுக்க இருக்கிறது. கியர் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினார். உதறல் முற்றிலும் போகவில்லை, ஆனால் சூடான பிறகு இல்லை, காலையில் மட்டும் லேசாக. கழித்த ஆயில் கறுப்பு, ஆனால் சட்டியின் காந்தத்தில் மெல்லிய சேறு மட்டும், உலோகச் செதில் இல்லை. வழிந்த இடத்தை மேலிருந்து பார்த்ததில் பள்ளத்தில் குளம், கூலர் சீல் என்று உறுதி. முதல் எஸ்டிமேட்டில் கிராங்க் பின் சீல் என்று எழுதியிருந்ததாம்!

செதில் இல்லாதது நல்ல செய்தி. நான் அந்த இடத்தில் இருந்தால் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறை ஆயிலை மாற்றுவேன். ஒரே தடவையில் டார்க் கன்வெர்ட்டரில் இருக்கிற பழையது முழுக்க வெளியே வராது.

பிப்ரவரி 10

இவ்வளவும் பேசி, முதலில் கேட்க வேண்டியதை இப்போதுதான் கேட்கிறேன். அடியில் துரு?

லிஃப்டில் ஏற்றி சப்ஃபிரேம் என்ற அடிச்சட்டம், பிரேக் குழாய், ஜாக் வைக்கும் இடம், ஸ்பிரிங் உட்காரும் இடம் நான்கையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சாலையில் உப்புத் தூவும் ஊரிலோ கடலோரத்திலோ இருந்த வண்டி என்றால் இது முதல் வேலை. முந்தைய தலைமுறை 210-ஐ ஓட்டியவர்களுக்குத் தெரியும். எஞ்சின் கல் மாதிரி இருக்கும், முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டு துருவில் பிய்ந்து வந்துவிடும். கியர்பாக்ஸுக்கு மருந்து உண்டு, சஸ்பென்ஷனுக்கு உண்டு, எஞ்சினையே மாற்றலாம். சட்டகம் அரித்தால் விற்கவும் கூடாது, உடைக்கத்தான் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 11

துரு இல்லையாம். ஒரு பிரேக் குழாயில் மட்டும் மேல்பூச்சாக. மாற்றிவிடுங்கள், யோசிக்க வேண்டாம்.

பிப்ரவரி 22

ஜனவரி 20-இல் போட்ட கணக்கைத் திரும்பப் படித்தேன். 14-க்கும் 18-க்கும் நடுவே இருப்பது 4 மட்டும். ஒரு டர்போ போனால் அந்த 4 காலி. ஆகவே எண்ணைக் காட்டி "வைத்துக்கொள்வதே லாபம்" என்று அடித்துச் சொல்ல முடியாது. 23-ஐ விடச் சிக்கனம் என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

அதில் இல்லாத இன்னொரு செலவு, வண்டி வொர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்கள். பாகம் வர ஒரு வாரம், வந்தது தப்பான பாகம், இன்னொரு வாரம். வீட்டில் இரண்டாவது வண்டி இருப்பவருக்கு அது எரிச்சல், அவ்வளவுதான். ஒரே வண்டி வைத்து அதில்தான் வேலைக்குப் போக வேண்டும் என்பவருக்கு அது வேறு விஷயம். "எது சிக்கனம்" என்று என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் உண்மையில் கேட்பது "நடுவழியில் நிற்குமா" என்பதைத்தான். நின்றால் சமாளிக்க முடியாத நிலை என்றால் 23 கொடுத்துப் புதியதற்குப் போவது தப்பே இல்லை. ஆசைக்காக வண்டி வைத்திருப்பவரின் கணக்கை அவர் மேல் திணிக்கக் கூடாது.

மார்ச் 2

பாதுகாப்பு பற்றி ஒருவர் நியாயமாகக் கேட்டார். 211 அதன் காலத்தில் பலமான வண்டி. ஆனால் முன்னே நிற்கும் வண்டியைப் பார்த்துத் தானே பிரேக் பிடிக்கும் வசதி இன்றைய வண்டிகளில் சாதாரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம். நாள் முழுக்க நெடுஞ்சாலையில் களைத்து ஓட்டுபவர் இதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

பழைய வண்டியையே வைத்துக்கொள்பவர்கள் செலவில்லாமல் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, சேசிஸ் எண்ணைக் கொடுத்து ரீகால் பாக்கி இருக்கிறதா பாருங்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் ரீகாலில் மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ வண்டிகளும் உண்டு. அதில் இருக்கும் வெடிபொருள் வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கெட்டுப்போகிறது, வண்டிக்கு வயதாக ஆக அபாயம் கூடும். மாற்றித் தருவது இலவசம். இரண்டு, டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1416 என்றால் 2016-இன் 14-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயரைத் தூக்கி எறியுங்கள்.

மார்ச் 14

கேட்டவர் முடிவு செய்துவிட்டார்: வைத்துக்கொள்கிறார். ஏர் ஸ்பிரிங் போட்டாயிற்று, கூலர் சீல் அடுத்த மாதம், கியருக்கு இரண்டாவது ஆயில் அப்புறம். கிராங்க் பின் சீல் வேலை கழிந்ததால் புது எஸ்டிமேட் பழையதைவிடக் கீழே. வீட்டில் இன்னொரு சின்ன வண்டியும் இருக்கிறதாம், அதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சமாகியிருக்கும்.

மார்ச் 29

இப்போது என் பக்கம். நான் விற்கிறேன்.

சிரியுங்கள், பரவாயில்லை. வண்டியில் ஒன்றும் கெடவில்லை, சீல் ஊதா, துரு இல்லை. மாறியது என் ஓட்டம். வேலை வீட்டுப் பக்கமே வந்துவிட்டது. இப்போது அது போவது கூப்பிடு தூரம், எஞ்சின் சூடாவதற்குள் ஆஃப் செய்கிறேன். டீசல் வண்டியின் டிபிஎஃப் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய நீண்ட, சீரான ஓட்டம் வேண்டும், புகைக்குழாய் 600 டிகிரி பக்கம் போக வேண்டும். பாதியில் நிறுத்தி நிறுத்தி விட்டால் ஃபில்டர் அடைக்கும். எரிக்கவென்று கூடுதலாகத் தெளித்த டீசல் கொஞ்சம் ஆயிலில் கலந்து ஆயிலைத் தண்ணீராக்கும். போன மாதம் ஆயில் மட்டம் குறையாமல் ஏறியிருந்தது. வாரம் ஒரு முறை சும்மா நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வரலாம் என்று யோசித்தேன். வண்டிக்கு வாக்கிங் கூட்டிப் போகிற நிலைக்கு நான் இன்னும் வரவில்லை.

மேலே எழுதியதில் எதையும் இது மாற்றவில்லை. அடுத்த இரண்டு வருடத்துக் கணக்கைத்தான் பார்க்கச் சொன்னேன். என்னுடைய அடுத்த இரண்டு வருடத்தில் இந்த எஞ்சினுக்கு வேலை இல்லை.

ஏப்ரல் 6

பார்க்க வந்த முதல் ஆள் ஓடோமீட்டரைப் பார்த்ததும் வாய் கோணி, எஸ்டிமேட்டே இல்லாமல் பாதிக்குக் கேட்டார். இரண்டாமவர் பில் ஃபைலைக் கேட்டு வாங்கி, படியில் உட்கார்ந்து முழுக்கப் படித்தார். கியர் ஆயில் தேதியை மட்டும் போட்டோ எடுத்தார். நெடுஞ்சாலையில் தினமும் ஓட்டப் போகிறாராம். அவருக்கே கொடுத்தேன், சொன்ன விலையிலிருந்து கொஞ்சம் குறைத்து.

ஏப்ரல் 7

அடுத்து என்ன என்று நாலு பேர். பெட்ரோல்தான். இதே 211-இல் வி6 பெட்ரோல் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. ஆம், தெரியும். எம்272 எஞ்சின், ஆரம்ப காலத்தவற்றில் எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டின் பல் சக்கரம் சீக்கிரம் தேயும், சரிசெய்ய எஞ்சினையே இறக்க வேண்டும். திருத்திய பாகம் எந்த எஞ்சின் எண்ணிலிருந்து வந்தது என்பது தெரிந்த விஷயம். விற்பவரிடம் எஞ்சின் எண்ணைக் கேட்டிருக்கிறேன். இரண்டு நாளாக சீட் போட்டோ மட்டும்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.